தலைவர் செருமிய காலம்

ஒரு காட்டில், சிங்கம் உறுமுவதை நிறுத்திக்கொண்டு எல்லா வேலைகளையும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்ட காலத்தில், காவல் வேலை நாய்களுக்குக் கிடைத்தது. காட்டில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், ஒப்பந்தங்கள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்று அறியாத நல்லவர்கள். அவர்கள் மேலே படிக்கலாம். சிங்கம் இனி இந்தக் கதையில் அதிகம் வராது. ஒப்பந்தம் கொடுத்தவர் அப்புறம் எதற்கு வரவேண்டும்?

மேற்கு வாசலில் பவளம் என்ற கோம்பை நாய் காவல் இருந்தாள். செம்பட்டை உடம்பு, கரிச்சட்டியில் முகம் வைத்து எடுத்ததுபோல் கறுத்த மூக்கு. வாசலுக்குப் பக்கத்திலேயே ஓர் இலுப்பை மரத்தின் வேர்ப்பொந்தில் அவள் குடும்பம் இருந்தது. குடும்பம் என்றால் நான்கு குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திறந்த கண்ணால் எதைப் பார்த்தாலும் அதைக் கடித்துப் பார்க்கும் பருவம். குட்டிகளின் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு காட்டில் வேலையாக இருந்தான். தினமும் காலையில் பூப்படம் போட்டு இனிய வணக்கம் அனுப்புவான். அதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நாய்ப் படையில் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் தலைவர் வந்து ஒவ்வொரு குட்டியின் காதிலும் வாயை வைத்துப் பெயரை ஊதுவார். தலைவர் வாயிலிருந்து வருவதுதான் பெயர். பிறகு மாற்ற முடியாது. அப்படி ஊதப்படாத குட்டிக்கு வளர்ந்தாலும் காவல் வேலை கிடையாது, பங்குச் சோறு கிடையாது; வேலியோரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பவளத்தின் வீட்டில் பெயர் ஊத மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அவளும் நான்கு பெயர்களை யோசித்துத் தலைவரிடம் சொல்லிவைத்திருந்தாள்: வேங்கை, இமயன், கயல், தும்பை.

தலைவரின் பெயர் வீரபத்திரர். ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் நாணயத்தில் அச்சடிக்கலாம்போல் இருக்கும். குரல் மட்டும் வேறு யாருக்கோ தைத்த சட்டை. அணிலோடு அவர் சண்டை போட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு எது யார் என்று தெரியாது. காலை அணிவகுப்பில் "எல்லாரும் எழுந்திருங்க" என்று கீச்சிடுவார். ஒருவரும் அசையமாட்டார்கள். இன்னொரு முறை கீச்சிடுவார். யாராவது ஒருவர் சோம்பல் முறிப்பதற்காக எழுந்தால் அதையே வெற்றியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படியிருக்கையில் பக்கத்துக் காட்டில் நாய்க் காவலர் மாநாடு நடந்தது. வீரபத்திரரும் போனார். பல காட்டு நாய்களும் ஒரே கொட்டகையில் படுத்தன, ஒரே தொட்டியில் குடித்தன, ஈர மூக்கோடு ஈர மூக்கு வைத்து நலம் விசாரித்தன. தீர்மானங்கள் நிறைவேறின. திரும்பி வரும்போது தலைவர் ஒரு பொன்னாடையும் ஒரு கேடயமும் கொண்டுவந்தார். சில நாள் கழித்து, மூன்றாவதாக ஒன்றும் கொண்டுவந்திருந்தது தெரிந்தது.

காலை அணிவகுப்பு. எல்லோரும் வழக்கம்போல் படுத்திருந்தார்கள். வீரபத்திரர் வாயைத் திறந்தார்.

"க்ஹோங்."

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஒருமுறை செருமுவார். அந்தச் செருமலுக்குப் படுத்திருப்பவர் உட்காருவார், உட்கார்ந்திருப்பவர் எழுவார், மடித்துக்கட்டிய வேட்டி இறங்கும், அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வார்த்தையில் சொன்னால் அது வேண்டுகோள். செருமினால் அது உத்தரவு. இந்தப் பழக்கம் காடுவரை போயிருந்தது.

நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தலைவரே ஒரு கணம் பயந்துபோனார். தொண்டையில் என்னமோ சிக்கியிருக்கிறது என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார். சிக்கியிருப்பது அதிகாரம் என்று அப்போதுதான் புரிந்தது.

பவளத்துக்கு மட்டும் அந்தச் சத்தம் சரியாகப் படவில்லை. கிட்டத்தில் நின்றதால் சத்தத்துக்குப் பின்னால் வந்ததையும் அவள் பார்த்தாள். ஒவ்வொரு க்ஹோங்குக்குப் பிறகும் தலைவர் கழுத்தை நீட்டி, குமட்டி, கொஞ்சம் வெள்ளை நுரையைத் துப்பினார். கழுத்துப்பட்டை லேசாக இழுபட்டாலே அடுத்த க்ஹோங் வந்தது. ஓடினால் இன்னும் அதிகம். அதிகாரம் இப்படியா நுரை கக்கும்? தொண்டையில் எலும்பு ஏதும் மாட்டியிருக்கிறதா என்று மரியாதையாகவே கேட்டாள்.

துணைத்தலைவர் சடையன் குறுக்கே வந்தார். கண் தெரியாத அளவுக்கு முடி வளர்ந்த நாய் அவர். எதையும் பார்க்காமலேயே ஆமாம் சொல்லிப் பழகியவர். ஐயா எலும்பு தின்ற காலமெல்லாம் போய்விட்டது, இனி எல்லாம் நேரடியாகக் கறிதான் என்று பவளத்தை அடக்கினார். அடக்கிய கையோடு தானும் ஒருமுறை செருமிப் பார்த்தார். அன்று அது நடிப்பு. தலைவர் குடித்த தொட்டியில் தினமும் முதல் ஆளாக வாய் வைப்பவர் அவர்தான் என்பதால், அந்த வாரக் கடைசியில் அது நடிப்பாக இல்லை. அதற்குள் இளங்காவலர்களும் சடையனைப் பார்த்துச் செருமத் தொடங்கியிருந்தார்கள். பாதிப் பேர் நோயில் இருமினார்கள், பாதிப் பேர் பதவி ஆசையில் இருமினார்கள், யார் எந்தப் பாதி என்று அவர்களுக்கே தெரியவில்லை. அணிவகுப்பு மைதானத்தைத் தாண்டிப் போன மான்கள், வாத்துப் பண்ணை எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டு போயின.

பவளம் தலைவரின் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து டாக்டருக்கு அனுப்பினாள். அனுப்பியதாக நினைத்தாள். விரல் நகம் பெரிதாக இருப்பவர்களுக்கு நேரும் விபத்து நேர்ந்தது. பதிவு 'காவல் குடும்பம்' வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அவள் பதறி அழிப்பதற்குள் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். 'உத்தரவு ஐயா' என்று ஒருவர். 'உடனே செய்கிறோம் ஐயா' என்று இன்னொருவர். எதைச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது பலருக்கு ரிங்டோன் ஆகிவிட்டது.

வேறு வழியில்லாமல் அவள் நேரிலேயே போனாள். டாக்டர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் சாந்தகுமார். ஊசி போடமாட்டேன் என்று வாசலில் பலகை வைத்திருந்தும் அவரிடம் கூட்டமில்லை. டாக்டரே முழுக்க ஊசியாக இருக்கும்போது பலகையை யார் நம்புவார்கள்? காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் டோக்கன் எடுக்கச் சொன்னது இயந்திரம். எடுத்து, உட்கார்ந்து, தன் எண்ணை யாராவது கூப்பிடும்வரை காத்திருந்து, டாக்டரே வெளியே வந்து கூப்பிட்டபின் உள்ளே போனாள்.

அவள் சத்தத்தைச் செய்துகாட்டினாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சாப்பிடறாரா?"

"எங்க பங்கையும் சேர்த்து."

"சுறுசுறுப்பா இருக்காரா?"

"இப்பத்தான் டாக்டர் முதல்முறையா சுறுசுறுப்பா இருக்கார்."

"எங்கேயாவது கூட்டத்துக்குப் போய் வந்தாரா?"

மாநாட்டைச் சொன்னாள். டாக்டர் தலையாட்டியதில் முட்கள் கலகலத்தன. இது கூட்டத்து இருமல் என்றார். ஊருக்குள் கென்னல் காஃப் என்பார்களாம். நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒன்று இருமினால் மற்றதற்கும் வரும். காற்றில் போகும், தொட்டித் தண்ணீரில் போகும், மூக்கோடு மூக்கு வைத்தால் போகும். வறண்ட இருமல், வாத்துக் கத்துவதுபோல இருக்கும், முடிவில் குமட்டும். பலர் எலும்பு மாட்டியதென்று நினைத்துத் தொண்டைக்குள் கையை விட்டுக் கடி வாங்கிக்கொள்வார்கள்.

பெரும்பாலும் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும் என்றும் சொன்னார். தனியாக இருக்க வேண்டும். ஓட்டம் கூடாது. தனிக் கிண்ணத்தில் தண்ணீர். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, வேண்டுமானால் மார்பைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொள்ளலாம். வெந்நீர் ஆவி நல்லது, கொஞ்சம் தேன் நல்லது. மனிதர்கள் குடிக்கும் இருமல் மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. இருமல் நின்றதும் வெளியே ஓடிவந்துவிடவும் கூடாது. நின்ற பிறகும் கொஞ்ச காலம் அது பரவும். சாப்பாட்டை வெறுத்தால், காய்ச்சல் அடித்தால், மூச்சு வாங்கினால், சளி மஞ்சளாக வந்தால் உடனே தன்னிடம் கொண்டுவர வேண்டும்.

"குட்டிங்களுக்கு வந்தா?" என்று கேட்டாள் பவளம்.

டாக்டரின் முட்கள் படுத்துக்கொண்டன. "உன் குட்டிங்களா?"

"நாலு."

"நெஞ்சுக்குள்ள இறங்கிடும்மா. அந்த வயசுல தாங்காது. மூக்குல விடற சொட்டு மருந்து இருக்கு, இன்னும் கொஞ்சம் வளரட்டும், நான் விடறேன். அதுவரைக்கும் இருமறவன் எவனா இருந்தாலும் பக்கத்துல வர விடாதே."

அவள் எழுந்தாள். வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. இருமுகிறவர் வருவது மட்டுமில்லை, ஒவ்வொரு குட்டியின் காதிலும் வாய் வைத்து ஊதப்போகிறார்.

நேராகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். நேர்மையாகச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிற வயதை அவள் இன்னும் தாண்டவில்லை. சடையன் அவளைத் தலைவர் பக்கமே விடவில்லை.

"ஐயாவோட குரலுக்கு வியாதின்னு பேர் வைக்க வந்தியா?" என்றார், இரண்டு க்ஹோங்குக்கு நடுவில். "அவர் செருமினப்புறம்தான் இந்தப் படை படையா நிக்குது. பேர் ஊத வேண்டாம்னா சொல்லிடு. நாலு பேரில்லாத குட்டிங்க வேலியோரம் திரியட்டும். எனக்கு என்ன?"

பவளம் திரும்பி வந்து பொந்தின் வாசலை அடைத்தாற்போலப் படுத்தாள். குட்டிகள் அவள் வாலைக் கடித்தன. பெயர் இல்லாமல் போனால் குட்டிகளுக்கு வாழ்வில்லை. பெயர் வந்தால் குட்டிகளே இல்லாமல் போகலாம். டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தனியிடம். யாரும் கிட்டே வரக்கூடாது. சொந்தக் கிண்ணம். கழுத்தில் பட்டை கிடையாது. ஓட்டம் கிடையாது. தேன். இப்படி வாழும் ஒருவரை அவளுக்குத் தெரியும் என்று தோன்றியது. யோசித்ததில் அது சிங்கம். சிங்கத்துக்கு இருமல் இல்லை, அவ்வளவுதான். மற்றபடி சிகிச்சை முழுவதும் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவள் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: 'இவ்வளவு பெரிய செருமல் உள்ளவர் இன்னும் பொதுத் தொட்டியில் குடிப்பது நமக்கு அவமானம் இல்லையா?'

அந்த வரிக்குக் கைகூப்பல்கள் குவிந்தன. அவமானம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பவளத்தை வரச் சொல்லித் தலைவரிடமிருந்து ஆள் வந்தது.

அவள் எட்ட நின்றாள், காற்று தன் பக்கமிருந்து அவர் பக்கம் வீசும்படி பார்த்து. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அவள் விவரித்தாள். வடக்குச் சரிவில் மூங்கிலால் தனி அறை. முன் அனுமதி இல்லாமல் யாரும் வரக்கூடாது. சொந்தக் கிண்ணம், அதில் வேறு யார் மூக்கும் படக்கூடாது. கழுத்தில் பட்டை கட்டுவது வேலைக்காரருக்கு. தலைவருக்கு மார்பில் குறுக்கே பட்டை, பொன்னாடையையே மடித்துக் கட்டலாம். தினமும் அறைக்குள் வெந்நீர் ஆவி. தேன். ரோந்து ஓடுவது இனி மற்றவர் பாடு.

வீரபத்திரர் கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்ந்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். சடையன் வெளியே இருமிக்கொண்டிருந்தார். தலைவர் தன் பழைய குரலில், மெல்லக் கேட்டார்:

"பவளம், எனக்குத் தெரியாம இல்ல. இது நோய்தானே?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"இது போயிடுச்சுன்னா நான் மறுபடி கீச்சுக் குரல்தானேம்மா. யாரு எழுந்திருப்பா?"

அத்தனை பெரிய உடம்புக்குள் அவ்வளவு சின்னக் கேள்வி இருக்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர்மேல் அவளுக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

"இருமல் போகும் ஐயா," என்றாள். "அறை போகாது. அறைக்குள்ள இருக்கறவங்க குரலை யாரும் கேக்கறதில்ல. கதவைப் பாத்துத்தான் கும்பிடறாங்க."

வீரபத்திரர் அன்று மாலையே அறைக்குள் போனார். சடையனுக்கு அது தாங்கவில்லை. தனக்கும் அதே அளவு செருமல் இருப்பதாக நிரூபித்துக் காட்டி, தலைவர் அறையிலிருந்து நன்றாகத் தள்ளி ஓர் அறை வாங்கிக்கொண்டார். பிறகு இருமியவர்கள் எல்லோருக்கும் அறை வேண்டியிருந்தது. பவளம் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. நோய் இல்லாமல் செருமியவர்களையும் ஆளுக்கொரு அறையில் அடைத்தாள். வெளியே நடிப்பதைவிட உள்ளே நடிப்பது எல்லாருக்கும் நல்லது. பொதுத் தொட்டியைக் கவிழ்த்து வெயிலில் காயப்போட்டாள். இருமாத நாலைந்து பேர் வாசல்களைப் பார்த்துக்கொண்டார்கள். படையில் பெரும்பாலோர் இல்லாதது காவலில் தெரியவேயில்லை. இந்தத் தகவல் சிங்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கடம்பன் என்ற கிழட்டுக் காவலர் ஒருவர் மட்டும் அறையில் சோற்றைத் தொடாமல் கிடந்தார். வைத்த தேனில் எறும்பு மொய்த்தது. பெரிய பதவியில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்த பவளத்துக்கு அவர் முழங்கையை அகட்டி உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்குவது தெரிந்தது. டாக்டரைக் கூட்டிவந்தாள். நெஞ்சில் இறங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று சொல்லி டாக்டர் மருந்து கொடுத்தார். கடம்பன் பிழைத்தார். ஆனால் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்த அன்று பவளம் பொந்துக்குள் நுழைந்து நான்கு குட்டிகளின் நெஞ்சிலும் காதை வைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கத்தை விட முடியாது என்று தலைவர் சொல்லியனுப்பினார். தன் பதவியில் அவருக்கு உண்மையிலேயே பிடித்த வேலை அது ஒன்றுதான். பவளமும் விட முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் இவ்வளவு உயரத்துக்குப் போனவர் குனிந்து குட்டிக் காதில் ஊதுவது நன்றாகவா இருக்கும்? அவர் அறையிலிருந்தே முழங்கட்டும். குட்டிகள் அறைக்கு எதிரே உள்ள குன்றில் நிற்கும், நடுவில் ஓடை இருக்கிறது, காடே கேட்கும்.

காடு கூடியது. மான்கள், முயல்கள், இருமாத நாய்கள். குன்றின்மேல் நான்கு குட்டிகளும் வரிசையாக நிறுத்தப்பட்டு, உடனே வரிசை கலைந்து, மறுபடி நிறுத்தப்பட்டன. எதிர்ச்சரிவில் தலைவர் மார்பில் பொன்னாடைப் பட்டையோடு அறை வாசலில் தோன்றினார். நான்கு பெயர்களையும் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். இந்த நோயில் மூச்சை அப்படி இழுக்கவே கூடாது.

வேங்கை என்று சொல்ல வாயெடுத்தார்.

"க்ஹோங்."

காடு எழுந்து நின்றது. முதல் குட்டிக்குப் பெயர் ஆயிற்று. தலைவர் திடுக்கிட்டு, அதைச் சரிசெய்யும் அவசரத்தில் இமயன் என்று சொல்லப் போனார்.

"க்ஹோங்."

இரண்டாவதும் ஆயிற்று. கயலுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு முயன்றார், தும்பைக்குக் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். தலைவர் வாயிலிருந்து வருவதுதான் பெயர். பிறகு மாற்ற முடியாது. நான்கு குட்டிகளுக்கும் க்ஹோங் என்று பெயர் விழுந்தது. எதிர்ச்சரிவில் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, பரவாயில்லை ஐயா, நல்ல பெயர்தான் என்று பவளம் உரக்கச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. அந்த நான்கும் ஓடைக்கு இந்தப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அன்று அவளுக்கு எந்தப் பெயரும் நல்ல பெயர்தான்.

நாளாவட்டத்தில் இருமல் ஓய்ந்தது. முதலில் தலைவருக்கு, பிறகு சடையனுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கச் சொன்னாள் பவளம், இருந்தார்கள். அந்த நாள்களும் கழிந்து, இனி வெளியே வரலாம் என்று சொன்னாள், அப்போதும் இருந்தார்கள். அறைக்குள் ஆவி வந்தது, தேன் வந்தது, வாசலில் அனுமதி கேட்டு மான்கள் நின்றன. யார் வெளியே வருவார்கள்? குட்டிகள் வளர்ந்ததும் டாக்டர் வந்து மூக்கில் சொட்டு விட்டார். நான்கும் தும்மி, நான்கும் டாக்டரைக் கடிக்கப் போய், நான்கும் முள் குத்தி அழுதன. புதிதாகப் படையில் சேர வரும் நாய்களைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்த்தபின்தான் சேர்க்க வேண்டும் என்று பவளம் சொன்னாள். யார் நீ சொல்ல என்று கேட்க வெளியே யாரும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் குட்டிகள் ஓடைப் பக்கம் எங்கோ ஓடிவிட்டிருந்தன. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பவளம் மேற்கு வாசல் பாறைமேல் ஏறி, கழுத்தை நீட்டி, பெற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"க்ஹோங்."

புதரிலிருந்து நான்கும் வந்தன. கூடவே, மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலைநிமிர்ந்து நின்றன. முயல்கள் பின்காலில் எழுந்தன. எல்லா வாசல்களிலும் காவல் நாய்கள் விறைத்து நின்றன. வடக்குச் சரிவில் மூங்கில் அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சடையன் எழுந்து நின்றார். வீரபத்திரர் தேன் கிண்ணத்தை வைத்துவிட்டு, பட்டையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்றார்.

சோற்றுக்குத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல பவளம் வாயெடுத்தாள். நிற்கிற காட்டை ஒருமுறை பார்த்தாள்.

"நின்னது நின்னீங்க," என்றாள். "அந்தத் தண்ணித் தொட்டியைக் கழுவி வச்சிட்டுப் போங்க."

கழுவி வைத்தார்கள்.

நீதி: தொற்றுநோயை ஊரைவிட்டு விரட்ட முடியாவிட்டால், அதற்குப் பதவி உயர்வு கொடுத்துத் தனி அறையில் உட்காரவையுங்கள், நோய் போய்விடும், அறையில் இருப்பவர் வெளியே வரமாட்டார், இரண்டும் சுகாதாரத்துக்கு நல்லது.